பாக்டீரியா வரையும் ஓவியம்: ஸ்கிராட்ச்சில் செய்து பார்க்கலாம்

2016 செப்டம்பரில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் மைக்கேல் பேம், ராய் கிஷோனி குழுவினர் ஒரு வீடியோ வெளியிட்டார்கள். இரண்டடிக்கு நான்கடி அளவில் ஒரு பெரிய தட்டு, அதில் கறுப்புச் சாயம் கலந்த அகர் (பாக்டீரியா வளர்க்க உதவும் ஜெல்லி). தட்டைப் பட்டை பட்டையாகப் பிரித்திருந்தார்கள். இரண்டு ஓரங்களிலும் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தே (ஆன்டிபயாடிக்) கிடையாது. அடுத்த பட்டையில் ஈ.கோலை பாக்டீரியா தாங்கக்கூடியதைவிடச் சற்றே கூடுதலான மருந்து. உள்ளே போகப் போக ஒவ்வொரு பட்டையிலும் அது 10 மடங்காகக் கூடி, நடுப்பட்டையில் 1,000 மடங்கு.

வெள்ளையாகப் பரவி வரும் பாக்டீரியா முதல் கோட்டில் அப்படியே நின்றுவிடும். பிறகு ஏதோ ஒரு புள்ளியில் உடைப்பு எடுத்து, விசிறி விரிவதுபோல் அடுத்த பட்டைக்குள் பாயும். சுமார் 11 நாளில் நடுப்பட்டையும் நிரம்பிவிடுகிறது. அறிவியல் ஆய்வுக்காக எடுத்த படம்தான், ஆனாலும் இவ்வளவு அழகான அசையும் ஓவியத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதைத் தழுவி, பார்வையாளரும் கை வைத்து விளையாடக்கூடிய ஒரு படைப்பைச் செய்வோம். கோடிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கணினியில் பிரவுசர் இருந்தால் போதும். பிளாக்குகளை அடுக்கிக் கோடிங் செய்ய உதவும் ஸ்கிராட்ச் தளம் இலவசம்.

படி 1: தட்டு

ஸ்கிராட்ச் தளத்தில் 'கிரியேட்' அழுத்துங்கள். தானாக வரும் பூனையை நீக்கிவிட்டு, பின்னணி முழுவதையும் சுத்தக் கறுப்பாக்குங்கள். பட்டைகளைப் பிரிக்கக் கோடு எதுவும் போடாதீர்கள். கோடு எங்கே இருக்கிறது என்பதைப் பாக்டீரியாவே காட்டும்.

மேடையின் (படம் ஓடும் பகுதியின்) அகலம் 480, இடமிருந்து வலமாக -240 முதல் 240 வரை. அதை 96 அகலமுள்ள ஐந்து பட்டைகளாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அசல் தட்டின் பாதி இது: இடது ஓரம் மருந்தில்லாத 0-ஆம் பட்டை, வலது ஓரம் 4-ஆம் பட்டை.

படி 2: கிருமி

புது ஸ்பிரைட் (மேடையில் நகரும் உருவம்) ஒன்றில் 10 புள்ளி அகலத்துக்கு ஒரு சிவப்பு வட்டம் வரையுங்கள். வரையும் பலகையின் நடுவில் உள்ள குறியின் மேல் வட்டத்தின் மையம் சரியாக உட்காரட்டும். வெள்ளை வேண்டாம், நிற விளைவு வெள்ளையில் சரியாகத் தெரியாது.

இப்போது முக்கியமான வேலை. 'தாங்குதிறன்' என்று ஒரு வேரியபிள் (ஒரு மதிப்பைச் சேமித்து வைக்கும் பெட்டி) உருவாக்குங்கள். தமிழிலேயே பெயர் வைக்கலாம். உருவாக்கும்போது 'ஃபார் திஸ் ஸ்பிரைட் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்படிச் செய்தால், ஒரு குளோன் (ஸ்பிரைட்டின் நகல்) இன்னொரு குளோனைப் பெறும்போது தன்னிடம் உள்ள மதிப்பைப் பிள்ளைக்கும் கொடுத்துவிடும். பரம்பரை என்பதே இந்த ஒரு தேர்வில் வந்துவிடுகிறது. 'ஃபார் ஆல் ஸ்பிரைட்ஸ்' என்று விட்டால் எல்லாக் கிருமிக்கும் ஒரே தாங்குதிறன், படைப்பே இல்லை.

'மருந்தளவு' என இன்னொரு வேரியபிள். இது எல்லாருக்கும் பொது. மேடையில் தெரியும் அதன் பெட்டியை ரைட் கிளிக் செய்து ஸ்லைடராக்கி, வரம்பை 0 முதல் 4 என்று மாற்றுங்கள்.

இடது கீழ் மூலையில் உள்ள பொத்தானை அழுத்தி 'பென்' நீட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: விதைப்பு

பச்சைக்கொடி அழுத்தியதும்: 'எரேஸ் ஆல்', 'ஹைடு', தாங்குதிறன் 0. பிறகு 12 முறை திரும்பச் செய்ய: எக்ஸ் -232, ஒய் -170 முதல் 170-க்குள் ஏதோ ஒரு எண், அங்கே போய் 'கிரியேட் குளோன் ஆஃப் மைசெல்ஃப்'.

படி 4: பிறப்பு

'வென் ஐ ஸ்டார்ட் ஆஸ் எ குளோன்' என்ற பிளாக்கின் கீழ், இந்த வரிசை மாறாமல்:

1. 'ஷோ'.
2. 1 முதல் 100-க்குள் ஒரு எண்ணை எடு. அது 1 என்றால் தாங்குதிறனை 1 கூட்டு.
3. நிற விளைவைத் தாங்குதிறன் × 35 என வை.
4. ஏதோ ஒரு திசையில் திரும்பி 8 'ஸ்டெப்ஸ்' நகர்.
5. பட்டை எண் தாங்குதிறனைவிட அதிகம் என்றால் இந்தக் குளோனை நீக்கு. பட்டை எண் என்பது, எக்ஸ் கூட்டல் 240, அதை 96-ஆல் வகுத்து 'ஃப்ளோர்' செய்தது (தசமத்தை விட்டுவிட்டு முழு எண்ணை மட்டும் எடுப்பது). 'ஆப்பரேட்டர்ஸ்' பகுதியின் கடைசி பிளாக்கில் 'ஏபிஎஸ்' என்று இருப்பதைச் சொடுக்கினால் 'ஃப்ளோர்' கிடைக்கும்.
6. கறுப்பைத் தொடவில்லை என்றால் நீக்கு. அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது, இடமில்லை.
7. 'ஸ்டாம்ப்' (தன் உருவத்தை அந்த இடத்தில் அச்சடி).
8. 6 முறை: 0.3 முதல் 0.8 நொடி காத்திரு, தன்னைக் குளோன் செய். முடிந்ததும் தன்னை நீக்கு.

ஸ்கிராட்ச்சில் ஒரே நேரத்தில் 300 குளோன்தான் இருக்க முடியும். அதனால்தான் உயிருள்ளவை விளிம்பில் மட்டும் வாழ, மற்றவை அச்சுத் தடமாக நிற்கின்றன.

இரண்டாவது வரியை ஐந்தாவது வரிக்கு முன்னால்தான் வைக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மருந்து பட்டதும் கிருமி நிறம் மாறுவதுபோல் அனிமேஷன் செய்பவர்கள் நிறையப் பேர். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தவறான பாடம். மருந்தைப் பார்த்துக் கிருமி கற்றுக்கொள்வதில்லை. சடுதிமாற்றம் (மரபணுவில் நேரும் மாற்றம்) பிறப்பிலேயே, குருட்டாம்போக்கில் நடக்கிறது. மருந்து செய்வதெல்லாம் மற்றவற்றைக் கொன்று, ஏற்கெனவே மாறியிருந்ததற்கு வழிவிடுவதுதான். (நூற்றில் ஒன்று என்ற விகிதம் நம் வசதிக்கு. இயற்கையில் இது மிக மிக அரிது. அந்த விகிதத்தை வைத்தால் சில நூறு குளோன்களில் எதுவும் நடக்காது.)

ஓட்டிப் பாருங்கள். சிவப்பு பரவி முதல் எல்லையில் நேர்க்கோடாக நிற்கும். அதற்குள் எங்கோ ஒரு மஞ்சள் புள்ளி பிறந்திருந்தால் அது மட்டும் கடந்து விரியும். பிறகு பச்சை, வெளிர்நீலம், நீலம். மஞ்சள் பிறந்தும் சிவப்புக்குப் பின்னால் இடமில்லாமல் மாட்டிக்கொண்டு அழிவதையும் கவனியுங்கள். அசல் ஆய்விலும் இப்படி முன்வரிசைக்குப் பின்னால் சிக்கிய வம்சங்கள் இருந்தன. சில ஓட்டத்தில் முழுக் கூட்டமும் எல்லையிலேயே மடியும். திருத்தப் போகாதீர்கள், மறுபடி கொடியை அழுத்தினால் போதும்.

படி 5: பார்வையாளரின் கை

'மருந்து' என்று ஒரு வெற்று ஸ்பிரைட். கொடி அழுத்தியதும் பேனா தடிமன் 60, நிறம் சுத்தக் கறுப்பு. பிறகு எப்போதும்: மவுஸ் அழுத்தியிருந்தால் மவுஸ் இருக்கும் இடத்துக்குப் போய் 'பென் டவுன்', இல்லையென்றால் 'பென் அப்'. கிருமியின் எட்டாவது வரிக்குள், காத்திருந்த பின்பும் குளோன் செய்வதற்கு முன்பும் இதைச் சேருங்கள்: மவுஸ் அழுத்தியிருந்து, மவுஸுக்குத் தூரம் 30-க்குக் குறைவாகவும், மருந்தளவு தாங்குதிறனைவிட அதிகமாகவும் இருந்தால் நீக்கு.

மருந்தளவை 1-இல் வைத்து, சிவப்பும் மஞ்சளும் கலந்து வளரும் விளிம்பின் மேல் ஒரு நொடி அழுத்திப் பிடியுங்கள். சிவப்பு மறையும். காலியான கறுப்பில் மஞ்சள் போட்டியே இல்லாமல் பரவும். பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945-இல் தன் நோபல் உரையிலேயே, போதாத அளவில் மருந்து எடுப்பதைப் பற்றி எச்சரித்தார். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழ் ஆய்வு கணக்கிட்டது. இந்தப் படைப்பைக் காட்சிக்கு வைத்தால் ஸ்லைடரை 1-இலேயே விட்டுவிடுங்கள், மற்றதைப் பார்ப்பவர்கள் நகர்த்தித் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னொரு சோதனை

ஐந்தாவது வரியில் பட்டை எண்ணை 3-ஆல் பெருக்குங்கள். மெதுவாக ஏறும் படிக்கட்டு போய், முதல் எல்லையிலேயே பெரிய சுவர் நிற்கும். ஒரே வம்சத்தில் மூன்று சடுதிமாற்றம் சேர்ந்தால்தான் தாண்ட முடியும் என்பதால் பெரும்பாலும் ஓவியம் சிவப்பிலேயே நின்றுவிடும். பேம் குழுவினரும் இடைப்பட்டைகளை எடுத்துவிட்டுப் பார்த்தபோது, மருந்தின் அளவு ஒரேயடியாக எகிறும் இடத்தில் பாக்டீரியா திணறியது. இரண்டு ஓட்டங்களையும் படமாகச் சேமித்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.