சபையாரின் உலகப்பார்வையை அறியப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஹட்டனில் ஒரு சபை மண்டபத்தில் வாலிபர்கள் ஆறேழு பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்து கைபேசியை நீட்டினார்கள். கூகுள் ஃபோம். ‘வேதாகம உலகப்பார்வை உங்களுக்கு உண்டா?’ என்று தலைப்பு. வாழ்க்கையையும் உலகத்தையும் வேதத்தின் கண்ணால் பார்க்கிறோமா என்று அறிவதற்காம். பதினைந்து கேள்விகள், ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று பதில்கள். மூன்று தேயிலைத் தோட்டத்துச் சபைகளின் வட்ஸ்அப் குழுக்களில் போட்டார்களாம், இரண்டே நாளில் எண்பதுக்கு மேல் பதில் வந்துவிட்டதாம்.

“அங்கிள், எல்லாருமே கிட்டத்தட்ட ஃபுல் மார்க்ஸ்!” என்றாள் ஒரு தங்கச்சி. முகமெல்லாம் சந்தோஷம்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே கேள்விகளை ரோனியோ தாளில் அடித்துக் கொடுத்து, இதே சந்தோஷத்தோடு போதகரிடம் ஓடினவன் நான். அதனால் ஒரு குடும்பம் சபையை விட்டுப் போனது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள், பெயர் எழுதச் சொல்லாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

வெளிநாட்டுக் கேள்வித்தாளை அப்படியே எடுத்துக்கொள்வது

கையில் கிடைக்கிற கேள்வித்தாள்களில் பலவும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அங்கே பார்னா குழு என்கிற கிறிஸ்தவ ஆய்வு நிறுவனம் 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மாறாத ஒழுக்க உண்மை உண்டா, வேதம் தன் போதனைகளில் எல்லாம் பிழையற்றதா, இயேசு பாவமில்லாமல் வாழ்ந்தாரா, இரட்சிப்பு கிருபையா அல்லது நற்கிரியையால் சம்பாதிப்பதா, சாத்தான் உண்மையில் இருக்கிறானா, இன்றும் தேவன்தான் உலகை ஆளுகிறாரா என்கிற மாதிரிக் கேள்விகள். எல்லாவற்றிலும் தேறினவர்கள் மொத்த ஜனத்தில் 4 சதவீதம். மறுபடியும் பிறந்தவர்கள் என்று கணக்கில் வந்தவர்களில்கூட 9 சதவீதம்தான். 2017இல், சபைக்கு ஒழுங்காகப் போகிற, விசுவாசம் முக்கியம் என்று சொல்கிற கிறிஸ்தவர்களைப் பார்த்தபோதும் 17 சதவீதத்தைத் தாண்டவில்லை. 2020இல் அரிசோனா கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் வேறு முறையில் அளந்தது. வயதுவந்தவர்களில் 6 சதவீதம் என்றது.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு நம் தோட்டத்துச் சபையில் 95 சதவீதம் வந்தால் தலைகால் புரியாமல் போவது இயல்பு. கொஞ்சம் நிதானியுங்கள். ‘சாத்தான் நிஜமா, வெறும் அடையாளமா?’ என்பது அங்கே ஆட்களைப் பிரித்துக் காட்டுகிற கேள்வி, ஏனென்றால் அங்கே சபைக்குப் போகிற பலரே அவனை ஓர் அடையாளம் என்று நினைக்கிறார்கள். நம் லயங்களில், இந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், அந்தச் சந்தேகம் யாருக்கு இருக்கிறது? அந்தி சாய்ந்தால் ஆற்றோரப் பாதையில் தனியாகப் போகமாட்டோம். கோழி செத்தால் செய்வினை, பிள்ளை பரீட்சையில் தவறினால் கண்ணூறு. நம்மிடம் பேய் நம்பிக்கைக்குப் பஞ்சமே இல்லை.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சின்னப் பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. எட்டு மணிக்குப் போதகரைக் கூப்பிட்டு ஜெபித்தார்கள். பத்து மணிக்குப் பக்கத்து லயத்துக் கோடாங்கி வந்து உடுக்கடித்தார். அதற்குப் பிறகுதான் 1990க்கு அடித்து அம்புலன்ஸ் வரவழைத்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அடுத்த ஞாயிறு அதே தகப்பன் எழுந்து சாட்சி சொன்னார், மனதாரச் சொன்னார். போதகரையும் கோடாங்கியையும் ஒரே இரவில் அழைத்தது அவருக்கு ஒன்றோடொன்று மோதுகிற விஷயமாகவே படவில்லை. தேவன் பெரியவர், ஆனால் மற்றவர்களையும் பகைத்துக்கொள்ளக் கூடாது. ஜெப எண்ணெய்ப் போத்தல் நிலைக்கு மேலே தொங்குகிறது, முன்பு அதே ஆணியில் எலுமிச்சம்பழம் தொங்கியது.

அந்த அமெரிக்கத் தாளை இவரிடம் கொடுத்தால் ஒரு கேள்விகூடத் தவறமாட்டார். இங்கே கேட்கவேண்டியது சாத்தான் இருக்கிறானா என்று அல்ல. ‘உலகத்திலிருக்கிறவனிலும் உங்களிலிருக்கிறவர் பெரியவர்’ என்று 1 யோவான் 4:4 சொல்கிறதே, அதை ராத்திரி பத்து மணிக்கும் நம்புகிறோமா என்றுதான் கேட்கவேண்டும்.

பொட்டையும் தோட்டையும் பார்த்து முடிவு கட்டுவது

பொட்டை அழித்துத் தோட்டைக் கழற்றிவிட்டால் பார்வையும் மாறிவிட்டது என்று எண்ணவேண்டாம். கழற்றின தோடு இருக்கிற தகரப் பெட்டியிலேயே மகளுடைய சாதகமும் இருக்கும்.

வாயில் வந்த பதிலை வாழ்க்கை என்று நம்பிவிடுவது

நான் சொன்ன தவறு இதுதான்.

அப்போது ஒரு தோட்டத்துச் சபையில் வேதபாட வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். சபைக்கு ஒரு மூப்பர் தேவைப்பட்டார். ஆளைத் தெரிந்தெடுக்க உதவும் என்று நாற்பது பேருக்குக் கேள்வித்தாள் கொடுத்தேன். ஒருவர் எல்லாவற்றுக்கும் சரியாக எழுதி, பக்கத்திலேயே வசன எண்களையும் போட்டிருந்தார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. நல்ல குரல், உருக்கமான ஜெபம், காணிக்கையில் குறை வைக்காதவர். “இவரைவிட வேறு யார்?” என்று போதகரிடம் நானே சிபாரிசு செய்தேன். அவர் மூப்பரானார்.

மூன்று மாதம் போயிருக்கும். வீடு சந்திக்கப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒதுங்கினேன். பின்னேர நிறுவை நடந்துகொண்டிருந்தது. விட்டத்தில் தராசு தொங்கியது. பெண்கள் இடுப்பில் கட்டின படங்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வரிசையில் நின்றார்கள். அதில் ஓர் அக்கா நம் சபை. ஞாயிற்றுக்கிழமை இடதுபக்கம் இரண்டாவது பாயில் உட்காருவார். அவர் தன் சாக்கைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினார். முள் இருபதைத் தாண்டி நின்றது. என் கண்ணால் பார்த்தேன். மூப்பர் தலையை நிமிர்த்தாமலே “பதினேழு” என்று சொல்லி எழுதினார்.

சாக்குக்கும் மழைத் தண்ணீருக்கும் கழிப்பது வழக்கம்தான். ஆனால் மூன்று கிலோவுக்கு மேல் போய்விட்டது. அந்தத் தோட்டத்தில் அன்றைக்குப் பதினெட்டு எடுத்தால்தான் முழுப் பேர். பதினேழு என்றால் அரைப் பேர். நாள் முழுக்க மலையில் நனைந்ததற்கு அரை நாள் சம்பளம். அக்கா மூப்பரிடம் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு அந்தப் பாய் காலி. அதற்கடுத்த ஞாயிறும் காலி. அவருடைய காம்பராவுக்குப் போனேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நிறுக்குறவரே ராப்போசனத் தட்டையும் நீட்டுறாரு. என் கையி நீள மாட்டேங்குது.” அவரும் இரண்டு மகள்மாரும் அதற்குப் பிறகு அந்தச் சபைக்கு வரவே இல்லை.

வேதத்தை எடுத்துக்கொண்டு மூப்பரிடம் போனேன். பெரிதும் சிறிதுமான நிறைகற்களைப் பையில் வைத்திருக்கவேண்டாம் என்கிற உபாகமம் 25ஐயும், ‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது’ என்கிற நீதிமொழிகள் 11:1ஐயும் வாசித்தேன். அவருக்குக் கோபம் வரவில்லை. உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார்: “தம்பி, அது தோட்டத்து விஷயமில்லையா? பெக்டரிக்குப் போகையில நிறை குறைஞ்சா துரை என்னயத்தானே கேப்பாரு? இத எதுக்குச் சபைக்குள்ள கொண்டாறீங்க?”

அவர் என் தாளில் பொய் எழுதவில்லை. ‘தேவன் சகலத்தையும் ஆளுகிறாரா?’ என்ற கேள்விக்கு முழு மனதோடுதான் ஆம் போட்டார். அந்தச் சகலத்தின் எல்லை மடுவத்து வாசலோடு முடிந்திருந்தது, அவ்வளவுதான். உள்ளே துரையின் ஆளுகை. அவர் தினமும் கையில் பிடிக்கிற தராசைப் பற்றி என் தாளில் ஒரு கேள்வியும் இல்லை.

எனக்கு இன்றுவரை ஆறாதது இதுதான்: என் அம்மா கொழுந்து எடுத்தவர். “இன்னைக்கும் ரெண்டு கிலோ வெட்டிட்டாங்க” என்று கூடையை இறக்கிவைக்கிற சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவன் நான். அப்படி இருந்தும், பரிணாமக் கொள்கையைப் பற்றி இரண்டு கேள்வி வைத்த எனக்குத் தராசைப் பற்றி ஒன்று வைக்கத் தோன்றவில்லை. உலகப்பார்வை என்றால் புத்தகத்தில் இருக்கிற பெரிய விஷயம் என்று நினைத்துவிட்டேன். ‘வேலைக்காரருடைய கூலி’ பிடித்துவைக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்வதை எத்தனை தடவை வகுப்பில் வாசித்திருப்பேன்!

ஆகவே தம்பி தங்கைகளே, ‘நீங்கள் நம்புகிறீர்களா?’ என்று தொடங்குகிற கேள்வியைக் குறையுங்கள். ‘கடைசியாக எப்போது?’ என்று கேளுங்கள். கடைசியாக வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போனபோது முதலில் யாரைக் கூப்பிட்டீர்கள்? கடைசியாகப் புதுவேலை தொடங்கியபோது கலண்டரில் எதைப் பார்த்தீர்கள்? பதில் கதையாக வரும், அந்தக் கதைக்குள் ஆள் இருப்பார். அதோடு, அவரை மட்டும் கேட்டால் போதாது. அவருக்குக் கீழே வேலை செய்கிறவரையும், அந்த வீட்டு மருமகளையும் கேளுங்கள். பத்தாம் தேதி சம்பளம் போட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். காசு எந்தப் பக்கம் போனது, கடைக் கடனை யார் கட்டினார்கள், மனைவியின் சம்பளத்தை யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்பதெல்லாம் அன்றைக்கு லயத்து இஸ்தோப்பிலேயே தெரிந்துவிடும்.

இது ஒன்றும் புது வழியல்ல. 1854இல் இந்த மலைகளில் தமிழ்க் கூலி மிஷன் என்கிற கிறிஸ்தவ ஊழியம் வேலையைத் தொடங்கிய காலத்தில் உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்துதான் ஜனங்களைச் சந்தித்தார்கள். நடக்கிறவருக்குத்தான் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரியும்.

நிவாரணப் பொதிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பது

2022 பொருளாதார நெருக்கடியில் அரிசியும் பருப்பும் கொடுத்த மேசையிலேயே சிலர் விசுவாசக் கேள்விகளையும் கேட்டார்கள். பசித்திருக்கிறவர் எல்லாவற்றுக்கும் ஆம் என்றுதான் சொல்வார்.

மண்சரிவுக்குப் பாவத்தைக் காரணம் காட்டுவது

2014 ஒக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்த மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. சில வாரங்களில் ஒரு ஜெபக்கூட்டத்துக்கு வந்திருந்த வாலிபப் பிரசங்கியார் அதை நியாயத்தீர்ப்பு என்றார். ஆமென் சத்தம் பலமாக வந்தது. சொந்தத்தில் இரண்டு பேரைப் பறிகொடுத்த ஒரு பெண் பின்வரிசையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்ட பிறகும் அதே பேச்சை வேறு வாய்களில் கேட்டேன்.

இப்படிச் சொல்கிறவர்கள் தங்களுக்கு ஆழ்ந்த வேதப்பார்வை இருப்பதாக நினைக்கிறார்கள். ஆனால் சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்று சொன்னார். லூக்கா 13ஆம் அதிகாரம். ‘அவங்கவங்க செஞ்சது’ என்கிற பழைய வினைக் கணக்குத்தான் வசன உடுப்புப் போட்டு மேடையேறுகிறது. யோபுவின் நண்பர்களும் இதைத்தான் பேசினார்கள், தேவன் அவர்கள்மேல் கோபப்பட்டார்.

மீரியபெத்த ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அந்த ஜனங்கள் போய்க் குடியேற ஒரு துண்டு நிலம் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பதும் வேதத்தின் கண்ணால் பார்ப்பதுதான். தீர்க்கதரிசிகளை வாசித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அந்தக் கேள்வியை மேடையில் கேட்ட ஒருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

போதகருக்கு இருக்கும் என்று விட்டுவிடுவது

அரிசோனா மையம் 2022இல் அமெரிக்கப் போதகர்களையே அளந்தது. வேதாகம உலகப்பார்வை இருந்தது 37 சதவீதம் பேருக்குத்தான்.

கல்யாணப் பேச்சை ஒதுக்கிவைப்பது

மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்த நம் முன்னோர் சட்டி பானையோடு சாதியையும் சுமந்து வந்தார்கள். ஞானஸ்நானத் தண்ணீரில் அது கரைந்துவிட்டது என்று மேடையில் சொல்கிறோம். ஒரே பாயில் உட்காருகிறோம், ஒரே கிண்ணத்தில் குடிக்கிறோம். சம்பந்தம் பேசும்போது மட்டும் “எந்தத் தோட்டம்? எந்த டிவிஷன்? மேல் லயமா, கீழ் லயமா?” என்று விசாரணை சுற்றிச் சுற்றிப் போகிறது. எதைக் கேட்கிறார்கள் என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்கிற கலாத்தியர் 3:28ஐ மனப்பாடமாகச் சொல்கிற வீட்டிலேயே, இரட்சிக்கப்பட்ட பையன் வேண்டாம், ‘நம்ம ஆளுக’ பையன் போதும் என்று முடிந்ததை நான் ஒன்றுக்கு நாலு தடவை பார்த்துவிட்டேன்.

இதை எந்த வெளிநாட்டுத் தாளும் கேட்காது. நாமும் கேட்பதில்லை, ஏனென்றால் பதில் நம் வீட்டிலிருந்தே வரும்.

அன்றைக்கு ஹட்டன் மண்டபத்தில் இதுவரை சொல்லி முடித்தபோது அந்தத் தங்கச்சி கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். அவளுடைய அக்காவுக்கு இப்போது வரன் பார்க்கிறார்களாம். “அங்கிள், நான் மொதல்ல எங்க அப்பாக்கிட்ட கேக்கவா?” என்றாள். கேள் என்றேன். இன்னும் பதில் வரவில்லை.