கதை எழுத வழி கேட்கும் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள்?

"எழுத்தாளர்னா மாசம் எவ்வளவு சம்பளம் சார்?"

பள்ளிக்கூடத்துக்குக் கதை சொல்லப் போனால் பெரும்பாலும் இதுதான் முதல் கேள்வி. பின்னால் நிற்கும் ஆசிரியர் அந்தப் பிள்ளையை முறைப்பார். எனக்கோ அது பிடித்தமான கேள்வி. பதில் சொல்ல முடிகிற கேள்வி. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டேதான் பாட்டு எழுதினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் என்று ஒன்றையும் தொடங்கினார். அதனால் எழுதுவதற்காக வேலையை விட வேண்டாம், பெரியவன் ஆகி வேலை கிடைக்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

அடுத்து வரும் கேள்விதான் சிக்கல். "நான் எழுத்தாளர் ஆகணும்னா என்ன செய்யணும்?"

நான் பார்க்கும் முதல் தவறு இது. கேள்வி ரொம்பப் பெரிசு. நிறையப் படி, தினமும் எழுது என்று நானும் சொல்வேன், நீங்களும் தலையாட்டுவீர்கள். அது கேட்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்த பதில்தான். இரண்டு பேருக்கும் ஒரு பயனும் இல்லை.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வேறு மாதிரி கேட்டான். "என் கதையில பேய் வருது சார். படிச்ச எல்லாரும் சிரிக்கிறாங்க. ஏன்?" இப்படிக் கேட்டால் உட்கார்ந்து பேசலாம். நோட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே கதவு திறந்தது, பேய் நின்றது. பயப்பட யாருக்கும் நேரமே கொடுக்கவில்லை. "உங்க வீட்டுல ராத்திரி எதுக்குப் பயப்படுவ?" என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டு, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி என்றான். மோட்டாரை நிறுத்தின பிறகும் உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்குமாம். அந்தச் சத்தத்தை முதல் வரியில் வைத்தான். பேயைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினான். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை என்று சொல்லி அனுப்பினான்.

ஆகவே யாரிடம் யோசனை கேட்டாலும், கையில் ஒரு பக்கமாவது எழுதி வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். எந்த இடத்தில் சலித்தது, இந்தப் பாட்டி வேண்டுமா, முடிவு முன்னாடியே தெரிந்துவிடுகிறதா, இப்படி.

நோட்டில் ராஜா, வாயில் கோழி

இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு முகாமில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி 'நேர்மையின் பரிசு' என்று கதை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு ஊரில் ஒரு ராஜா. ஒரு ஏழைச் சிறுவன். பொற்காசு மூட்டை கீழே கிடக்கிறது. மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். நடுவில் பென்சில் சீவ வந்தவள் பக்கத்தில் இருந்தவளிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒட்டுக் கேட்டேன். அவள் பாட்டி வளர்க்கிற கோழி பக்கத்து வீட்டுத் திண்ணையில் கவிழ்க்காமல் வைத்திருக்கிற ஹெல்மெட்டுக்குள் போய்த் தினமும் முட்டை போடுகிறதாம். அந்த வீட்டு அண்ணன் ஒரு நாள் அவசரத்தில் பார்க்காமல் எடுத்துத் தலையில் மாட்டிவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை. கோழி எங்களுது, முட்டை எங்களுக்கு என்று இந்த வீடு. ஹெல்மெட் எங்களுது, அதற்குள் கிடப்பதும் எங்களுக்குத்தான் என்று அந்த வீடு. பாட்டி மட்டும், "கோழிக்குத் தெரியுமாடி உன் வீடு என் வீடுன்னு?" என்றாராம்.

"இதை ஏம்மா எழுதல?" என்று கேட்டேன்.

"இதுல நீதி இல்லையே சார்."

தப்பு அந்தப் பெண்ணுடையது இல்லை. பாடப்புத்தகமும் போட்டி நடத்துகிறவர்களும் சேர்ந்து, கதை என்றால் கடைசியில் 'நீதி' என்று ஒரு வரி வேண்டும் என்று பழக்கிவிட்டோம். அந்த வரியை எழுதப் போகிறோம் என்று தெரிந்தவுடன் கதையில் எல்லாரும் நல்லவர், கெட்டவர் என்று இரண்டு வரிசையாகப் பிரிந்து நின்றுகொள்கிறார்கள். முட்டை யாருக்கு என்பது எவ்வளவு நல்ல கேள்வி! வக்கீல்கள்கூட ஒரு மணி நேரம் வாதாடுவார்கள். ஆனால் அதை ஒரு வரி நீதியாகச் சுருக்க முடியாது, அதனாலேயே அவள் அதைக் கதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

போட்டியில் நீதி கட்டாயம் என்று விதி இருந்தால்? எழுதிக் கொடுங்கள், மார்க் போய்விட வேண்டாம். ஆனால் கதையை முழுதாக முடித்த பிறகு, கடைசியாக எழுதுங்கள். நீதியை முதலில் வைத்துக்கொண்டு அதற்கு ஆள் பிடிக்காதீர்கள்.

வினவினான், இயம்பினான்

"அம்மா, எனக்குப் பசி எடுக்கிறது, உணவு பரிமாறுங்கள்" என்று வினவினான்.

இது நிஜமாக ஒரு நோட்டில் இருந்த வரி. எந்த வீட்டில் எந்தப் பிள்ளை இப்படிப் பேசுகிறான்? "பசிக்குதும்மா" போதும். தவிர, வினவுதல் என்றால் கேள்வி கேட்பது. சோறு கேட்பதற்கு அது பொருந்தாது. ஒரே சொல் திரும்ப வரக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டதால் கூறினான், உரைத்தான், மொழிந்தான், இயம்பினான் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்ததை எல்லாம் இறக்கிவிடுகிறார்கள். 'சொன்னான்' என்று 20 தடவை வந்தாலும் படிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். 'இயம்பினான்' ஒரு தடவை வந்தாலே தடுக்கி நிற்கும்.

நீங்கள் கதை சொல்லும் பகுதியை எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டு, பாத்திரங்கள் பேசும்போது மட்டும் பேச்சுத் தமிழில் விடலாம். இன்று பெரும்பாலான கதைகள் அப்படித்தான் வருகின்றன. பேச்சை உங்கள் ஊர்ப் பேச்சாகவே விடுங்கள். தூத்துக்குடித் தாத்தா "ஏலே, எங்க போற?" என்று கேட்கட்டும். கோயம்புத்தூர் அம்மத்தா "சாப்டியா கண்ணு?" என்று கேட்கட்டும். டிவியில் கேட்கிற சென்னைத் தமிழை எல்லார் வாயிலும் திணிக்க வேண்டாம்.

பேச்சுத் தமிழ் என்றால் எழுத்துப் பிழைக்கு அனுமதிச் சீட்டு என்று அர்த்தம் இல்லை. 'போரேன்' என்று எழுதுவதைப் பார்க்கிறேன். போகிறேன் என்பதில் இருக்கிற அதே 'றே'தான் போறேனிலும் வரும். சந்தேகம் வந்தால் எழுத்துத் தமிழ் வடிவத்தை மனதில் நீட்டிப் பாருங்கள், பாதிப் பிழை அங்கேயே போய்விடும். மீதிப் பிழை வாய்விட்டுப் படித்தால் அகப்படும். நாக்கு எங்கே திக்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

அப்புறம், பனி. விருதுநகர்ப் பக்கத்துப் பையன் எழுதிய கதையில் ஜாக் என்றொருவன் கொட்டும் பனியில் நடந்து போனான். பனி கையில் பட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டேன், தெரியவில்லை. தீபாவளிக்கு மறுநாள் காலை உங்கள் தெரு எப்படி இருக்கும் என்று கேட்டதும் கொட்டத் தொடங்கினான்: தரை தெரியாமல் கிடக்கும் சிவப்புக் காகிதம், அதைக் காலால் அளைந்துகொண்டு வெடிக்காத வெடியைத் தேடுவது, விரலில் ஒட்டுகிற கரிமருந்து, கழுவினாலும் போகாத வாசனை. பார்க்காததை எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிலாவுக்குப் போங்கள், கடலுக்கு அடியில் போங்கள். ஆனால் நிலாவுக்குப் போகிறவன் கையிலும் சாம்பார் ஒழுகுகிற டிபன் பாக்ஸ் ஒன்று இருந்தால் அவனை நான் நம்புவேன்.

சின்னத் தவறுகள் சிலவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். எல்லாம் கனவு என்று முடிக்காதீர்கள். அவ்வளவு நேரம் கூட வந்தவருக்குக் கோபம் வரும். முதல் பக்கத்திலேயே 11 பேரை அறிமுகப்படுத்தினால் அது வருகைப் பதிவேடு. கதைக்கு முன்னால் அட்டைப்படம் வரைந்து, 'பாகம் 1' என்று போட்டு, அதோடு நின்றுவிடுவது இன்னொன்று. அதை நானும் செய்திருக்கிறேன், என்னிடம் அட்டைகள் மட்டும் நாலு இருந்தன.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. செல்போனிடம் கதை எழுதித் தரச் சொல்லி, அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. ஒரு பிழையும் இருக்காது, ஒருவன் முழங்காலிலும் சிராய்ப்பு இருக்காது. அம்மா, அப்பா திருத்திய கதையும் கிட்டத்தட்ட இதே ரகம். பெற்றோர்களே, எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், தயவு செய்து கோழியைத் திருத்தாதீர்கள்.

அனுப்பும்போது

40 பக்க நோட்டைப் படம் பிடித்து, பாதிப் படம் தலைகீழாக, 'படித்துவிட்டு உடனே சொல்லவும்' என்று வாட்ஸப்பில் வந்தால் எந்த எழுத்தாளரும் பயந்துவிடுவார். ஒரு கதை, இரண்டு பக்கம், ஒரே ஒரு கேள்வி. வயதும் வகுப்பும் போதும். வீட்டு முகவரி, பள்ளிப் பெயர் எல்லாம் முன்பின் தெரியாதவருக்கு வேண்டாம். அனுப்புவது அம்மாவோ அப்பாவோ ஆசிரியரோ பார்க்க நடக்கட்டும், பதில் எழுதுகிறவர் எவ்வளவு பெரிய எழுத்தாளராக இருந்தாலும்.

அச்சில் பேர் பார்க்கிற ஆசையில் பணம் கட்டிவிடுவதும் நடக்கிறது. தொகுப்பில் உங்கள் கதை வரும், இவ்வளவு கட்டுங்கள், சான்றிதழும் கோப்பையும் தருகிறோம் என்பார்கள். என் தங்கை மகள் கட்டினாள். வந்த புத்தகத்தில் அவள் பேரே தப்பாக இருந்தது. காசு கேட்காத இடங்கள் இருக்கின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்காக வரும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் பிள்ளைகளின் படைப்புகளை வாங்கிப் போடுகின்றன. அறிவியல் ஆர்வம் என்றால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இருக்கிறது. பள்ளியில் கையெழுத்துப் பத்திரிகை இருந்தால் அதுவும் பத்திரிகைதான். இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து தொடங்குங்கள்.

பதில் வந்த பிறகு செய்கிற தவறு ஒன்று பாக்கி. "இரண்டாவது பத்தி வேண்டாம்" என்று எழுதினால், "அப்ப என் கதை நல்லா இல்லையா?" என்று முகம் வாடிவிடுகிறது. இல்லாவிட்டால் சொன்னதை எல்லாம் அப்படியே மாற்றிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். ஒரு வாரம் நோட்டை மூடி வையுங்கள். திரும்பத் திறக்கும்போது நான் சொன்னது சரியென்று பட்டால் வெட்டுங்கள். படாவிட்டால் விட்டுவிடுங்கள், நானும் தப்பாகச் சொல்வேன். கோழிக் கதையில் பாட்டியைக் குறைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

ஒன்றரைப் பக்கத்தில் எழுதி முடித்து அனுப்பியிருந்தாள். சண்டை தீர்ந்ததா என்று கதையில் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் புது ஹெல்மெட் வாங்கிக்கொண்டாராம். பழையதில் பாட்டி வைக்கோல் போட்டு வைத்திருக்கிறார். கோழி இரண்டு நாளாகப் புது ஹெல்மெட்டையே சுற்றிச் சுற்றி வருகிறது.