அபார்ட்மென்ட்ல கம்போஸ்ட் ரூல் வந்துடுச்சா, முதல்ல இத பண்ணுங்க

அபார்ட்மென்ட்ல இருக்கறவங்க ஒண்ண நல்லா மனசுல வெச்சுக்கணும், சமையல் குப்பைய தனியா பிரிச்சு உரமாக்கணும்ங்கற இந்த ரூல் உங்க வீட்டுக்கு மட்டும் போட்டது இல்ல, பில்டிங்குக்கே போட்டது. தனி வீடுன்னா நீங்க தப்பா போட்டா உங்க தொட்டியோட போச்சு. இங்க நாப்பது வீடு ஒழுங்கா பிரிச்சு போட்ட குப்பைல ஒரே ஒரு வீட்டுல இருந்து பிளாஸ்டிக் கவரோட கட்டி போட்டாலும் மொத்தமும் வீண்.

எங்க பில்டிங்ல ஒரு நாள் காலைல குப்பை வண்டி வந்தப்ப நான் கீழதான் நின்னுட்டிருந்தேன். வண்டிக்காரர் தொட்டி மூடிய திறந்தாரு, மேலயே ஒரு டயபர் கிடந்துச்சு, உள்ள கிளறிக்கூட பாக்கல, ஒரு சிவப்பு ஸ்டிக்கர ஒட்டிட்டு கிளம்பிட்டாரு. அடியில பூரா நல்ல குப்பை. அடுத்த வண்டி வர்ற வரைக்கும் ஒரு வாரம் கீழ் வீட்டுக்காரங்க ஜன்னலே திறக்கல. அவர் மேல தப்பு இல்ல, அந்த டயபரோட எடுத்துட்டு போயிருந்தா அந்த லோடு மொத்தமும் கெட்டிருக்கும்.

அதனால ரூல படிக்கறப்ப "என்ன போடலாம்"ங்கறதுக்கு முன்னாடி "என்ன போடக்கூடாது"ங்கறத படிங்க, ஊருக்கு ஊர் மாறறதும் அதுதான், எல்லாரும் தப்பு பண்றதும் அங்கதான். மாமிசம், எலும்பு, எண்ணெய்ப் பொருள் இதெல்லாம் உரம் தயாரிக்கற பெரிய பிளான்ட்டுக்கு போற குப்பைன்னா பல இடத்துல ஏத்துக்குவாங்க, ஏன்னா அங்க குவியல் தொடர்ந்து சில நாள் 55 டிகிரிக்கு மேல சூடா இருக்கும், நோய்க்கிருமி பெரும்பாலும் செத்துடும். நீங்க பேஸ்மென்ட்லயோ மாடிலயோ வெக்கிற சின்ன தொட்டில அந்த சூடு நிக்கறது கஷ்டம், அங்க மாமிசம் போட்டா எலியத்தான் கூப்பிடறீங்க. பக்கத்து ஊர்ல போடறாங்களேன்னு நீங்களும் போடாதீங்க.

ரூல் எந்த வகைன்னும் பாத்துக்குங்க. சில இடத்துல பிரிச்சு குடுத்தா போதும், சான் ஃபிரான்சிஸ்கோல 2009லயே எல்லாரும் பிரிக்கணும்னு சட்டம் போட்டுட்டாங்க. சில இடத்துல போடற அளவுக்கு காசு, தென் கொரியால 2013ல இருந்து அப்படித்தான், அதனால அங்க தண்ணிய வடிச்சுட்டு போடறவங்களுக்கு செலவு கம்மி. இன்னும் சில இடத்துல பில்டிங்குக்குள்ளயே மக்க வெக்கணும்பாங்க, அதுதான் கொஞ்சம் வேலை, கடைசில சொல்றேன்.

அடுத்தது அசோசியேஷனுக்கோ ஓனருக்கோ ஒரு மெயில் போடுங்க, வாய்வார்த்தையா கேக்காதீங்க, நாளைக்கு அபராதம் வந்தா யாரும் சொன்னது ஞாபகம் இருக்காது. குப்பை எந்தெந்த நாள் எடுக்கறாங்க, பை போட்டு குடுக்கலாமா இல்ல வெறும் குப்பையா கொட்டணுமா, தொட்டிய யார் கழுவறது, அபராதம் யார் பேர்ல வரும், இந்த நாலும் கேட்டா போதும். பல ஊர்ல அபராதம் பில்டிங் பேர்லதான் வருது, அது அப்புறம் மெயின்டனன்ஸ்ல ஏறி ஒழுங்கா பிரிச்சவங்க தலையிலயும் விழும், எனக்கு இதுல பெரிய வருத்தம் உண்டு, அதனாலதான் இவ்ளோ சொல்றேன்.

பை விஷயத்த நல்லா கேட்டுக்குங்க. "மக்கும்"னு எழுதியிருக்கற பை எல்லாம் எல்லா இடத்துலயும் மக்காது. இஎன் 13432னு (EN 13432, மக்கற பேக்கிங்குக்கான ஐரோப்பிய தர எண்) போட்டிருந்தா அது பெரிய பிளான்ட்ல இருக்கற சூட்டுக்கு சோதிச்சது, உங்க தொட்டில மாசக்கணக்கா அப்படியே கிடக்கும். "பயோடீகிரேடபிள்"னு மட்டும் போட்டிருந்தா அத நம்பவே வேணாம். சந்தேகமா இருந்தா பழைய பேப்பர மடிச்சு பக்கெட் அடில போடுங்க, ஈரத்த இழுத்துக்கும், ஆனா பேப்பர ஏத்துக்கறாங்களான்னு லிஸ்ட்ல ஒரு தடவ பாத்துட்டு.

வீட்டுக்குள்ள பெருசா ஒண்ணும் இல்ல. சின்ன பக்கெட்டா வெச்சுக்குங்க, பெருசா வெச்சா நிறையட்டும்னு காத்திருப்பீங்க, அதுக்குள்ள நாறிடும். சமையல் குப்பைல முக்கால்வாசி தண்ணிதான், ஒரு வடிகட்டில அஞ்சு நிமிஷம் வெச்சு வடிய விட்டுட்டு போட்டாலே பாதி நாத்தம் போயிடும். சின்ன ஈ முட்டைல இருந்து பெருசாக சூடான நாள்ல ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும், அதனால ரெண்டு நாளைக்கு ஒருக்கா கீழ கொண்டு போய் கொட்டிட்டு பக்கெட்ட கழுவி காய வெச்சா அது பெருகவே முடியாது. வண்டி வாரத்துக்கு ஒரு நாள்தான்னா மாமிச மிச்சத்த ஒரு டப்பால போட்டு ஃப்ரீசர்ல வெச்சு அன்னிக்கு எடுத்து போடுங்க.

அப்புறம் பழத்தோல்ல ஒட்டியிருக்கற குட்டி ஸ்டிக்கர், கீரைக்கட்டு ரப்பர் பேண்டு, டீ பேகோட பின்னு, இதுங்கள யாரும் கவனிக்கறதில்ல. ஸ்டிக்கர் பிளாஸ்டிக், அது கடைசில உரத்துல பளபளன்னு அப்படியே கிடக்கும். உரிக்கறப்பவே பிச்சு தனியா போடுங்க.

கீழ பொதுத் தொட்டிய வெக்கறதுலதான் பாதி வெற்றி. மத்த குப்பைத் தொட்டிய பக்கத்துலயே வெச்சுடுங்க, கைல ஒரு கவர் மிச்சம் இருக்கறவங்க அத போட இடம் இல்லன்னா இதுலயே போட்டுட்டுதான் போவாங்க. எழுதி ஒட்டறத விட போட்டோவா மூடி மேலயே ஒட்டுங்க. குப்பைய கீழ கொண்டு வர்றது உங்க வீட்டு பிள்ளைங்களோ வேலைக்கு வர்றவங்களோ யாரோ, அவங்ககிட்ட நேர்ல நின்னு ஒரு தடவ காட்டுங்க. புதுசா குடி வர்றவங்களுக்கு சாவி குடுக்கறப்பவே சொல்லிடணும்.

இப்ப பில்டிங்குக்குள்ளயே மக்க வெக்கறது. ஒரு பங்கு ஈரக் குப்பைக்கு ரெண்டு மூணு பங்கு காஞ்சது, அதாவது காஞ்ச இலை, மரத்தூள், கிழிச்ச அட்டைப்பெட்டி. தொட்டி பக்கத்துலயே இந்த காஞ்சத ஒரு மூட்டைல போட்டு, அள்ளறதுக்கு ஒரு கப்போட வெச்சுடுங்க, கொட்டறவங்களே மேல தூவிடட்டும், தனியா ஒருத்தர்கிட்ட அந்த வேலைய விட்டா அவர் லீவு போடற அன்னிக்கு நாறும். வாரத்துக்கு ஒரு தடவையாவது கிளறுங்க. ஒரு கை அள்ளி இறுக்கி பிழிஞ்சு பாருங்க, விரலிடுக்குல ஒண்ணு ரெண்டு சொட்டு வந்தா சரி, ஒழுகுனா காஞ்சது போடுங்க, கைய விரிச்சதும் உதிர்ந்துட்டா தண்ணி தெளிங்க. அழுகுன முட்டை வாசம் வந்தா காத்து போகலன்னு அர்த்தம், மூக்க குத்தற அமோனியா வாசம் வந்தா காஞ்சது பத்தல. புகார் வர்றதுக்கு முன்னாடி அன்னிக்கே சரி பண்ணிடுங்க, வாசத்துக்காக ஒரு வீட்டுக்காரங்க எழுதிக் குடுத்தாலே தொட்டிய தூக்கச் சொல்லிடுவாங்க.

போகாஷி, அதாவது காத்து போகாத பக்கெட்ல தவிடு மாதிரி ஒரு கலவைய தூவி குப்பைய புளிக்க வெக்கிற ஜப்பான் முறை, அது வெக்கலாமான்னு கேப்பீங்க, வெக்கலாம், ஆனா ரெண்டு வாரம் கழிச்சு அதுல இருந்து வர்றது புளிச்ச குப்பைதான், உரம் இல்ல, மறுபடி மண்ணுல புதைக்கணும், அந்த மண் உங்ககிட்ட இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க.

செடிக்கு போடறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி உரத்த லேசா ஈரமாக்கி ஜிப் கவர்ல மூடி மூணு நாள் வெச்சு திறந்து பாருங்க. மண் வாசம் வந்தா போடலாம், புளிச்ச வாசமோ அமோனியாவோ அடிச்சா இன்னும் மூணு நாலு வாரம் விட்டுட்டு திரும்பவும் இதே மாதிரி பாருங்க.