ஈரோட்டு வெயிலுக்கு ஜெர்மானியம் ஃபஸ் பெடல்: பயாஸ் வைக்கிற முறை

1966-ல் வந்த, கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கற ஃபஸ் ஃபேஸ் மாதிரி ஒரு பெடலைக் கையாலயே செய்யறீங்களா? சர்க்யூட் சின்னதுதானுங்க, ரெண்டே டிரான்சிஸ்டர். ஆனா ஏசி128 போன்ற ஜெர்மானியம் வகைக்குச் சூடு ஆகாது. வெப்பம் 10 டிகிரி ஏறினாலே கசிவு மின்னோட்டம் (டிரான்சிஸ்டர் வழியா தானா ஒழுகற கரண்ட்) ஏறக்குறைய இரட்டிப்பாகும். மார்கழியில் அருமையாப் பாடின பெடல், சித்திரையில் ஈரோடு, கரூர் பக்கம் 40 டிகிரி காயும்போது நோட்டை முழுசா இழுக்காம பாதியிலேயே கத்தரிச்சிரும்.

அதனால பயாஸை, அதாவது டிரான்சிஸ்டர் நிக்கிற வோல்டேஜ் அளவை, மாத்தி வைக்க வழி வேணும். ரெண்டாவது டிரான்சிஸ்டரோட கலெக்டருக்கு (அதோட மூணு காலில் ஒண்ணு) போற 8.2கே (கிலோ ஓம்) ரெசிஸ்டருக்குப் பதிலா 20கே டிரிம்பாட் (திருகி அளவை மாத்தற ரெசிஸ்டர்) போடுங்க. 9 வோல்ட் பேட்டரியில், கலெக்டருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் 4.5 காட்டற வரைக்கும் மெதுவாத் திருப்புங்க. இது பிஎன்பி வகை டிரான்சிஸ்டர், பாசிட்டிவ் கிரவுண்ட், அதாவது பேட்டரியோட பிளஸ் முனைதான் கிரவுண்ட். மீட்டரில் மைனஸ் வந்தா அதுதான் சரி. மத்த பெடல்களோட ஒரே அடாப்டரில் மட்டும் சேர்த்துறாதீங்க.

டிரான்சிஸ்டரை விரலால் பிடிச்சாலே அளவு நகரும். சில நிமிசம் ஆறவிட்டு அளங்க. நேரா சால்டர் வைக்காம சாக்கெட்டில் செருகறது நல்லது. வாசிக்கிற அறையிலேயே, மத்தியான வெயிலில் ஒருக்கா, ராத்திரி ஒருக்கா பார்த்து, கடைசியில் காதுக்குப் பிடிச்ச இடத்தில் நிறுத்துங்க.

இவ்வளவு மெனக்கெட முடியாதுன்னா சிலிக்கான் பிசி108 இருக்கு, வெயிலுக்கு அசையாது. இருந்தாலும் கிட்டார் வால்யூமைக் குறைக்கையில் ஜெர்மானியம் தெளியற அழகு அதில் வராதுங்க.