வீட்டுக் கணக்கைக் கந்தோரில் எழுதாதீர்கள்: யாழ்ப்பாணத்தில் தவிர்க்க வேண்டிய சில பிழைகள்

யாழ்ப்பாணத்தில் வேலைக்குப் போகத் தொடங்கிய ஒரு பிள்ளை ஒரே நாளில் நாலைந்து கூட்டத்துக்கு ஆள். விடிய வீட்டில் மூத்த பிள்ளை, ஒன்பது மணிக்குக் கந்தோரில் புதிசாய் வந்தவர், பின்னேரம் சனசமூக நிலையத்துப் பொருளாளர், இரவில் பழைய மாணவர் சங்க வட்ஸ்அப் குழுவில் ஒரு பெயர். ஒவ்வொரு இடத்துக்கும் தனிக் கணக்கு உண்டு: ஆர் முதலில் கதைப்பது, எதற்குக் கடமைப்பட்டிருக்கிறோம், எதைக் கேட்டால் குறையில்லை. ஒரு இடத்துக் கணக்கை இன்னோரிடத்துக் கொப்பியில் எழுதும்போதுதான் வில்லங்கம் தொடங்குகிறது.

இதில் கூடச் சேதம் தருவது, கந்தோரைக் குடும்பமாக எடுத்துக்கொள்வது. முதலாளியை ‘அண்ணை’ என்று கூப்பிடுவதில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் ஊரில் வேறு எப்படிக் கூப்பிடுவது? பிழை எங்கே வருகிறதென்றால், அண்ணையிடம் காசு கேட்க வெட்கப்படுகிற மாதிரி முதலாளியிடம் சம்பளக் கணக்குக் கேட்கவும் வெட்கப்படுவதில். “தம்பி, நாங்கள் ஒரு குடும்பம்தானே, ஈபிஎவ் எல்லாம் பிறகு பாப்பம்” என்று அவர் சொன்னால் பெடியன் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். குடும்பம் என்ற சொல் வேலைநேரத்தைக் கூட்டவும் உரிமையைத் தள்ளிப்போடவும் மட்டும் பயன்பட்டால் அது என்ன குடும்பம் என்று கேட்க வேண்டும்.

ஈபிஎவ் என்று சொல்லப்படும் ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஊழியரின் பங்கு 8 வீதம், வேலைகொள்வோரின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குரிய 3 வீதம் முழுக்க வேலைகொள்வோருடையது. சம்பளம் 60,000 ரூபாய் என்றால் துண்டில் 4,800 கழிபட்டிருக்கும். 7,200உம் 1,800உம் முதலாளி தன் கையால் மேலதிகமாகக் கட்ட வேண்டியவை. முழு 20 வீதத்தையும் ஊழியரின் சம்பளத்திலேயே வெட்டினால் அது சட்டத்துக்கு மாறானது. தகுதிகாண் காலம் என்று சொல்லித் தள்ளிப்போடவும் முடியாது. கேட்கும் விதமும் முக்கியம். “ஏன் கட்டேல்லை?” என்று தொடங்கினால் உறவு முறியும். “அண்ணை, என்ர ஈபிஎவ் இலக்கத்தை ஒருக்காச் சொல்லுவியளோ?” என்று கேளுங்கள். கட்டியிருந்தால் இலக்கம் இருக்கும். இல்லையென்றால் அந்தக் கேள்வியே போதும், அவருக்கு விளங்கும். அதற்கும் அசையாவிட்டால் தொழில் திணைக்களம் இருக்கிறது.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்து இங்கே ஒரு கிளையைப் பொறுப்பெடுப்பவர் செத்தவீட்டுக்கு லீவு கேட்பவரிடம் “செத்தவர் உங்களுக்கு என்ன முறை?” என்று விசாரிப்பார். அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, அல்லது பக்கத்து வளவுக்காரர் என்று பதில் வந்தால் முகம் சுழிப்பார். இங்கே செத்தவீட்டுக்குப் போவது துக்கம் தெரிவிக்க மட்டுமல்ல. பந்தல், பாடை, தேத்தண்ணி என்று அயல் ஆட்கள் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. இன்று போகாதவரின் வீட்டில் நாளைக்கு ஒன்று நடந்தால் ஆர் வருவினம்? ஆகவே அரைநாளைக் கொடுத்துவிட்டு, விட்ட வேலையை எப்போது முடிப்பார் என்று மட்டும் கேட்பதே புத்தி. (மாதத்துக்கு மூன்று பெரியப்பாமாரைச் சாகடிக்கிற ஆட்களும் இருக்கினம். அவர்களை அடையாளம் காண அதிக நாள் எடுக்காது.)

அடுத்தது, தலையாட்டலைச் சம்மதம் என்று எண்ணுவது. கூட்டம் நடக்கிறது. மேலாளர் திட்டத்தைச் சொல்லி முடித்து, “எல்லாருக்கும் ஓம்தானே?” என்கிறார். “ஓம் சேர்.” வெளியே வந்து தேத்தண்ணிக் கடை வாங்கிலில் இருந்ததும் உண்மைக் கூட்டம் தொடங்கும்: இது சரிவராது, போன முறையும் இப்படித்தான், அந்த மனிசனுக்கு ஆர் சொல்லுறது. ஒரு மாதம் கழித்துத் திட்டம் படுத்துவிடும். ‘அப்பவே சொல்லியிருக்கலாமே’ என்று மேலாளர் கோபிப்பார்.

1951இல் சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, மற்ற மூன்று கோடுகளில் அதே நீளமுள்ளது எது என்று கேட்டார். சின்னப் பிள்ளைக்கும் விடை தெரியும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் முன்கூட்டியே சொல்லி வைக்கப்பட்டவர்கள். ஒரே குரலில் பிழையான விடையைச் சொன்னார்கள். அந்தச் சுற்றுகளில் வந்த பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கூட்டத்தின் பக்கம் சாய்ந்தது. ஒரேயொரு ஆள் சரியான விடையைச் சொல்லத் துணைக்கு இருந்தபோது அந்தச் சாய்வு முன்னர் இருந்ததில் நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. பங்குபற்றியவர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் என்பதைக் கவனியுங்கள். கூட்டத்துக்குப் பயப்படுவது எங்கள் சனத்தின் தனிக் குணம் என்று சொல்பவர்களுக்கு அது நல்ல பதில்.

மேலாளருக்கு இதிலிருந்து கிடைக்கும் வழி சுலபமானது. வயதில் இளையவரை முதலில் கதைக்க விடுங்கள். பெரியவர் கதைத்த பிறகு ஆரும் மறுத்துக் கதைக்கப் போவதில்லை. அல்லது கூட்டத்துக்கு முன்னரே ஆளாளாகக் கேளுங்கள். ஊழியருக்கும் வழி இருக்கிறது: தனிய எழும்பி நிற்காமல், அதே எண்ணமுள்ள ஒருவரைக் கூட்டத்துக்கு முன் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

‘எங்கட சனம் இப்படித்தான்’ என்ற பேச்சுக்கு இப்போது பட்டமும் கிடைத்துவிட்டது. முகாமைத்துவப் பாடத்தில் தனி ஆளை முன்வைக்கும் தனிமனித நாடு, கூட்டத்தை முன்வைக்கும் கூட்டுவாத நாடு என்று படித்துவிட்டு வந்து, முன்னால் இருக்கிற ஆளையே அந்த அட்டவணைக்குள் போட்டுவிடுகிறார்கள். அந்த அட்டவணையின் மூலத்தைப் பாருங்கள். கீர்ட் ஹொவ்ஸ்டீட் என்ற டச்சுக்காரர் ஐபிஎம் என்ற ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுக்கப்பட்ட விடைகளை வைத்து 1980இல் எழுதியது. அது நாடுகளை ஒப்பிடத்தான், தனி ஆளை எடைபோட அல்ல என்று அவரே எச்சரித்திருக்கிறார். சுன்னாகத்துப் பெடியன் ஒருவன் ஏன் வாய் திறக்கவில்லை என்று அறிய அவனைத்தான் கேட்க வேண்டும்.

இதே பேச்சின் இன்னொரு வடிவம், வழமையை எதிர்த்துக் கதைக்கிறவரை வெளியாள் ஆக்கிவிடுவது. 1924இல் மாணவர் காங்கிரஸ் என்று தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆன இயக்கம் சாதிப் பாகுபாட்டை எதிர்த்தது. அதன் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் இந்த மண்ணின் ஆசிரியர். ஊர் ஒற்றுமை என்று பெருமைப்படும் கூட்டத்தில் ஆருக்குக் கதிரை போடப்படவில்லை என்று பார்த்துச் சொல்பவரும் அந்த ஊர் ஆள்தான்.

ஊர்ச் சங்கத்துக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். ‘எல்லாருமாப் பாப்பம்’ என்று தீர்மானம் எழுதாதீர்கள். ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் 1913இல் வெளியிட்ட கணக்கில், எட்டுப் பேர் சேர்ந்து கயிறு இழுத்தபோது ஒருவருக்கு விழுந்தது அவர் தனிய இழுக்கக்கூடியதில் பாதியளவுதான். தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது புதினமில்லை. வடத்தில் கை மட்டும் வைத்துக்கொண்டு வருபவர்கள் எப்போதும் இருப்பார்கள். ஆர், எந்தத் திகதிக்குள் என்று அறிக்கைக் கொப்பியில் பெயரோடு எழுதுங்கள்.

கடைசியாகக் காணி. ‘என்ர பங்கு, என்ர விருப்பம்’ என்று பிரிபடாத காணியில் தன் பங்கைப் பிறத்தியாருக்கு எழுதிக் கொடுக்க ஓடுகிறவர்கள், இது மனத்தாங்கலோடு முடிகிற விசயம் என்று நினைக்கிறார்கள். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் ஆக்கிய தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கூட்டுச் சொந்தக்காரருக்கு அந்தப் பங்கை முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு அறிவிக்காமல் விற்றால் வழக்குக்குப் போகலாம், 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி சொல்கிறது. கனடாவில் இருக்கிற அண்ணருக்கும், கதை பேச்சில்லாமல் இருக்கிற சித்தப்பாவுக்கும் எழுத்தில் அறிவித்துவிட்டு நொத்தாரிசிடம் போங்கள்.