உயர் அழுத்த நீராவிக் குழாய்க்கு ஐசோலேஷன் வால்வு வாங்குவது எப்படி?

சர்க்கரை ஆலைகளின் இணை மின் உற்பத்திப் பிரிவில், சதுர சென்டிமீட்டருக்கு 45 கிலோ அழுத்தமும் 440 டிகிரி செல்சியஸ் வெப்பமும் உள்ள நீராவி ஓடும் குழாய்களைப் பரவலாகக் காணலாம். அந்தக் குழாயின் ஒரு கிளையை மட்டும் நிறுத்திப் பழுது பார்க்க உதவுவதே ஐசோலேஷன் வால்வு. அதன் ஒரு பக்கம் நீராவி நின்றுகொண்டிருக்கும். மறுபக்கம் ஒரு ஃபிட்டர் நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருப்பார். வாங்கும்போது எழும் ஒவ்வொரு கேள்விக்கும் அந்த ஃபிட்டரின் இடத்தில் நின்று விடை தேடினால் பெரும்பாலும் சரியாகவே முடியும். முதன்முறையாகக் கொள்முதல் செய்பவர்களுக்காக, இதே 45 கிலோ குழாயை உதாரணமாக வைத்து எழுதுகிறேன்.

படி 1: குழாயின் விவரத்தைத் தாளில் எழுதுங்கள்

கடைக்குத் தொலைபேசியில் அழைத்து "ஆறு இஞ்ச் வால்வு என்ன விலை?" என்று கேட்பதில் பயனில்லை. குழாயின் அளவு, சுவரின் தடிமன், குழாயின் உலோகம், உள்ளே செல்லும் பொருள், டிசைன் அழுத்தம், டிசைன் வெப்பநிலை ஆகிய ஆறையும் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். அன்றாடம் அளவுமானி காட்டும் அழுத்தத்தை எழுதாமல், டிசைன் அழுத்தத்தையே எழுத வேண்டும். பாதுகாப்பு வால்வு திறக்கும் வரையில் குழாயில் அழுத்தம் ஏறக்கூடும்.

படி 2: கிளாஸைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். வால்வின் உடலில் 150, 300, 600 என்று வார்க்கப்பட்டிருக்கும் எண்ணே அதன் கிளாஸ். அந்த எண், வால்வு தாங்கும் அழுத்தத்தை நேரடியாகச் சொல்வதில்லை. ஒவ்வொரு கிளாஸும் எந்த உலோகத்தில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஏ.எஸ்.எம்.இ. என்ற அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பி16.34 தரநிலையில் அட்டவணை உண்டு. டபிள்யூ.சி.பி. எனப்படும் சாதாரண வார்ப்பு எஃகில் செய்த கிளாஸ் 300 வால்வு, 38 டிகிரியில் 51.1 பார் தாங்கும். நம் குழாயில் இருப்பதோ 45 கிலோ, அதாவது ஏறத்தாழ 44 பார். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர் கிளாஸ் 300 போதும் என்று முடிவு செய்துவிடுவார். அட்டவணையில் கீழே இறங்கிப் பார்த்தால், அதே வால்வு 200 டிகிரியில் 43.8 பாரும், 300 டிகிரியில் 39.8 பாரும், 400 டிகிரியில் 34.7 பாரும்தான் தாங்கும் என்பது தெரியும். ஆகவே நம் குழாய்க்குக் கிளாஸ் 600 தேவை. விலைப்புள்ளியில் அழுத்தத்தை மட்டும் எழுதி வெப்பநிலையை விட்டுவிடும் விற்பனையாளரிடம், அந்த வரியை நிரப்பித் தரும்படி கேட்டுவிட்டே மேலே பேச வேண்டும்.

படி 3: உலோகம்

கிளாஸ் 600 என்று முடிவான பிறகும் டபிள்யூ.சி.பி. நமக்கு உதவாது. 425 டிகிரிக்கு மேல் நீண்ட காலம் இருந்தால், அந்த எஃகில் உள்ள கார்பைடு சிதைந்து கிராஃபைட்டாகப் பிரிந்து உலோகம் வலுவிழக்கும். 440 டிகிரிக்குக் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த டபிள்யூ.சி.6 போன்ற எஃகு வேண்டும். பூச்சு அடித்த பின் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். கடைசிப் படியில் இது தேவைப்படும்.

படி 4: வால்வின் வகை

முழுதாகத் திறப்பதும் முழுதாக மூடுவதும் மட்டுமே வேலை என்றால், ஒரு தகடு ஏறி இறங்கி வழியைத் திறந்து மூடும் கேட் வால்வு பொருத்தமானது. அதைப் பாதி திறந்து ஓட்டத்தைக் குறைக்கப் பயன்படுத்தினால், விரைந்து பாயும் நீராவி வெட்ஜ் எனப்படும் அந்தத் தகட்டையும் அது அமரும் சீட்டையும் அரித்துவிடும். பிறகு மூடினாலும் கசியும். டெஃப்லான் சீட் உள்ள பால் வால்வு மலிவாகக் கிடைத்தாலும் இந்த வெப்பத்துக்கு ஆகாது. திறக்கும்போது ஸ்டெம், அதாவது தகட்டைத் தூக்கும் தண்டு, மேலேறும் வகையையே கேளுங்கள். வால்வு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதைத் தூரத்திலிருந்தே ஆபரேட்டர் காண முடியும்.

பெரிய அளவு வால்வுக்குச் சிறிய பைபாஸ் வால்வும் சேர்த்துக் கேட்பது நல்லது. ஒரு பக்கம் முழு அழுத்தம் நிற்கும்போது கேட் வால்வைத் திறப்பது கடினம்; திறந்தாலும் குளிர்ந்த குழாயில் நீராவி திடீரென்று பாய்ந்து, குளிர்ந்து நீரான பகுதி குழாயை அறையும் நீர் அடிப்பு உண்டாகும். பைபாஸ் வழியாக மெதுவாகச் சூடேற்றினால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

ஆட்கள் திறந்த குழாயில் வேலை செய்ய வேண்டிய இடத்தில் ஒரே வால்வை நம்புவதை நான் ஏற்கமாட்டேன். இரண்டு வால்வுகளும் அவற்றுக்கு இடையில் ஒரு சிறிய வெளியேற்று வால்வும் கொண்ட அமைப்பை வாங்குங்கள். முதல் வால்வு கசிந்தால், நீராவி அந்தச் சிறிய வால்வின் வழியே பாதுகாப்பான இடத்துக்கு வெளியேறும். இரண்டாவது வால்வை அழுத்தம் எட்டாது. டிரம்முக்குள்ளோ டாங்குக்குள்ளோ ஆள் இறங்க வேண்டுமானால் அதுவும் போதாது. அழுத்தத்தை முழுதாக இறக்கிய பின், போல்ட்டால் இணைக்கும் குழாய் விளிம்புகளான ஃபிளேஞ்சுகளுக்கு இடையில், ஒரு பாதி வளையமும் மறுபாதி மூடிய தகடுமான எட்டு வடிவ ஸ்பெக்டகிள் பிளைண்டைத் திருப்பிப் போட்டு இறுக்க வேண்டும். அதையும் குழாயின் கிளாஸுக்கு ஏற்ற தடிமனில், ஏ.எஸ்.எம்.இ. பி16.48 படி வாங்குங்கள்.

படி 5: இணைப்பு முனை

இத்தகைய குழாய்களில் வெல்டிங் முனை உள்ள வால்வுகளே பெரும்பாலும் பொருத்தப்படுகின்றன. கசிவதற்கு, ஃபிளேஞ்சுகளுக்கு இடையில் வைக்கும் அடைப்பு வளையமான கேஸ்கெட் இல்லை. ஃபிளேஞ்ச் முனை வாங்கினால், உலோகச் சுருளுக்கு இடையே கிராஃபைட் நிரப்பிய ஸ்பைரல் வூண்ட் கேஸ்கெட்டையும் ஸ்டட் போல்ட்டுகளையும் அதே ஆணையில் சேர்த்துவிடுங்கள். கேஸ்கெட்டின் வெளிவளையத்தில் பச்சை நிறம் இருந்தால் சுருள் 316எல் எஃகு. மஞ்சள் என்றால் 304. சாம்பல் நிறக் கோடு கிராஃபைட்டையும், வெள்ளைக் கோடு டெஃப்லானையும் குறிக்கும்.

படி 6: சான்றிதழ்கள்

இந்தியாவில் இந்தக் குழாய் கொதிகலன் சட்டத்துக்கு உட்பட்டது. எனவே வால்வுடன் ஐ.பி.ஆர். எனப்படும் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளின் படிவம் 3-சி வர வேண்டும். அது இல்லாத வால்வைக் கொதிகலன் ஆய்வாளர் ஏற்கமாட்டார். அதைப் பின்னர் அனுப்புகிறேன் என்ற வாக்குறுதியை நம்பிப் பணம் முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள். உலோகச் சோதனைச் சான்றிதழையும் ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெட்ரோலியம் நிறுவனத்தின் 598 தரநிலைப்படி நடத்திய அழுத்தச் சோதனை அறிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தச் சோதனையில் வால்வின் உடல், 38 டிகிரிக்கு உரிய அழுத்தத்தைப் போல் 1.5 மடங்கும், சீட் 1.1 மடங்கும் தாங்கியிருக்க வேண்டும்.

படி 7: பொருள் வந்து இறங்கும்போது

வால்வின் உடலில் வார்க்கப்பட்ட ஹீட் எண்ணை, அதாவது உலோகம் எந்த உருக்கலில் வந்தது என்பதைக் குறிக்கும் எண்ணை, துணியால் துடைத்துப் படித்து, சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். எழுத்துகளின் பள்ளத்தில் பூச்சு தடித்துக் கிடந்தால், பழைய வால்வுக்குப் புதுப்பூச்சு அடித்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். டபிள்யூ.சி.6 என்று சொல்லி வந்ததைக் கையடக்க உலோக ஆய்வுக் கருவியால் சோதித்தால், குரோமியம் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். ஃபிளேஞ்ச் முகப்பில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வட்ட வட்டமான மெல்லிய கோடுகள் இருப்பது இயல்பு; அவற்றைக் குறுக்கே வெட்டி உள்ளிருந்து வெளியே ஓடும் கீறல் ஒன்று இருந்தாலும் அது நீராவிக்கு வழியாகிவிடும். பிறகு கைச்சக்கரத்தை ஒரு முறை முழுதாகத் திறந்து மூடிப் பார்த்து, கேட் வால்வை மூடிய நிலையிலேயே, முனை மூடிகளைப் பழையபடி மாட்டி, மழை படாத இடத்தில் பலகை மேல் வைக்கச் சொல்லுங்கள்.