லிங்கன் உட்கார்ந்த சட்டமன்றம்: படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆபிரகாம் லிங்கனின் இளமைக்காலம் தமிழ்க் கட்டுரைகளில் பெரும்பாலும் இரண்டு வரியில் முடிந்துவிடும். மரக்கட்டை வீடு, இரவல் புத்தகங்கள், வக்கீல் தொழில், அப்புறம் நேராக வெள்ளை மாளிகை. நடுவே 1834 முதல் நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டு இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்தில் அவர் இருந்தார் என்பது விடுபட்டுப் போகிறது. அரசியலை அவர் பழகியது அங்கேதான். அந்தச் சபையைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்கள் சில இடங்களில் தவறாமல் சறுக்குகிறார்கள். 1858-இல் அமெரிக்க செனட்டர் பதவிக்கான போட்டியில் லிங்கன் மக்கள் வாக்கில் தோற்றார் என்று நானும் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

முதல் சறுக்கல் 'செனட்டர்' என்ற சொல்லில் நடக்கிறது. இல்லினாய்க்கு இரண்டு அவைகள் உண்டு, பிரதிநிதிகள் சபையும் செனட்டும். வாஷிங்டனிலும் அதே பெயர்களில் இரண்டு அவைகள் இருக்கின்றன. அதனால் 'மாநில செனட்டர்' யார், 'அமெரிக்க செனட்டர்' யார் என்பது மொழிபெயர்ப்பில் கலங்கிவிடுகிறது. லிங்கன் இந்த இரண்டில் எதுவாகவும் இருந்ததில்லை. மாநிலப் பிரதிநிதிகள் சபையில் நான்கு முறை, வாஷிங்டன் பிரதிநிதிகள் சபையில் ஒரே ஒரு முறை, 1847 முதல் 1849 வரை. அவ்வளவுதான்.

இதோடு ஒட்டியதுதான் என்னைக் குழப்பிய அந்த 1858 விஷயமும். 1913-இல் அரசியல் சட்டம் திருத்தப்படும் வரை அமெரிக்க செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் கூடி வாக்களித்து அனுப்பியது. லிங்கனும் அவருக்கு எதிராக நின்ற ஜனநாயகக் கட்சியின் ஸ்டீபன் டக்ளஸும் 1858-இல் ஊர் ஊராகப் போய் விவாதம் செய்தபோது, கேட்டுக்கொண்டிருந்த யாருடைய வாக்குச்சீட்டிலும் அவர்கள் பெயர் இருக்கப்போவதில்லை. மக்கள் சட்டமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், உறுப்பினர்கள் 1859 ஜனவரியில் செனட்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். டக்ளஸுக்கு 54, லிங்கனுக்கு 46. பிரதிநிதிகள் சபையில் 75 பேர், செனட்டில் 25 பேர், ஆக மொத்தம் 100. கணக்கு அங்கேயே சரியாகிவிடுகிறது. மாநிலம் முழுவதும் எண்ணினால் லிங்கன் கட்சி வேட்பாளர்கள் சற்றே அதிக வாக்கு வாங்கியிருந்தார்கள். ஆனால் தொகுதிகள் பழைய மக்கள்தொகைக் கணக்கின்படி பிரிக்கப்பட்டிருந்தன, செனட்டில் பலர் முந்தைய தேர்தலில் வந்தவர்கள்.

1855-இல் நடந்த செனட்டர் தேர்தலைப் படித்தால் இந்த முறை எப்படி இயங்கியது என்று இன்னும் தெளிவாகப் புரியும். முதல் சுற்றில் முன்னணியில் இருந்தவர் லிங்கன்தான். ஆனால் புதிய பிரதேசங்களில் அடிமைமுறைக்கு வழி திறந்துவிட்ட, டக்ளஸின் கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டத்தை எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஐந்து பேர், தங்கள் பழைய எதிர்க்கட்சியான விக் கட்சியின் ஆளான லிங்கனுக்கு வாக்களிக்க முடியாது என்று, தங்களில் ஒருவரான லைமன் டிரம்புல் பக்கமே நின்றார்கள். இதற்குள் அந்தச் சட்டத்தின் ஆதரவாளர்கள் பக்கம் நின்ற ஆளுநர் மேட்டிசன் ஜெயித்துவிடுவார் போல் இருந்தது. லிங்கன் தன் ஆதரவாளர்களை டிரம்புலுக்கு வாக்களிக்கச் சொன்னார். பத்தாவது சுற்றில் டிரம்புல் செனட்டர் ஆனார். ஐந்து பேரின் பிடிவாதம் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை வளைத்த கதை இது. அங்கே ஒவ்வொரு உறுப்பினரின் கைக்கும் எவ்வளவு கனம் இருந்தது என்று பாருங்கள்.

கட்சிப் பெயரில் கவனம் வேண்டும். லிங்கன் பின்னாளில் சேர்ந்த குடியரசுக் கட்சி 1830-களில் பிறக்கவே இல்லை. சட்டமன்றத்தில் லிங்கன் விக் கட்சிக்காரர். சபாநாயகர் பதவிக்கு அந்தக் கட்சி இரண்டு முறை அவரை நிறுத்தியது, இரண்டு முறையும் தோற்றார்.

அடுத்தது கொஞ்சம் கனமான பிழை. இல்லினாய் 1818-இல் அடிமைமுறை இல்லாத மாநிலமாகத்தான் சேர்ந்தது, ஆகவே அங்கே அந்தப் பிரச்சினையே இல்லை என்று எண்ணிக்கொள்வது. பழைய பிரெஞ்சுக் குடியேறிகளிடம் அடிமைகள் தொடர்ந்து இருந்தார்கள். நீண்டகால ஒப்பந்த வேலை என்ற பெயரிலும் கறுப்பின மக்கள் கட்டுண்டு கிடந்தார்கள். 1822-இல் ஆளுநராக வந்த எட்வர்ட் கோல்ஸ், இல்லினாய்க்குக் குடிவரும் வழியில் ஒஹாயோ ஆற்றில் படகிலேயே தன் அடிமைகளை விடுவித்தவர். அவர் இதை அடியோடு ஒழிக்க வேண்டும் என்றார். சட்டமன்றமோ நேரெதிராகத் திரும்பி, அடிமைமுறைக்கு இடம் கொடுக்கும் வகையில் அரசியல் சட்டத்தையே மாற்றி எழுத மாநாடு கூட்டப் பார்த்தது. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஒரு வாக்கு குறைந்தது.

அந்த ஒரு வாக்குக்காக அவர்கள் செய்ததைப் படிக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வரும். பைக் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) இடத்துக்கு நிக்கோலஸ் ஹான்சன், ஜான் ஷா என்ற இருவர் உரிமை கோரியிருந்தார்கள். கூட்டத்தொடரின் தொடக்கத்தில் சபை ஹான்சன் பக்கம் தீர்ப்பளித்து அவரை உட்கார வைத்தது. 1823 பிப்ரவரியில் அவர் மாநாட்டுக்கு எதிராக வாக்களித்ததும், முடிந்துபோன வழக்கை மறுபடி திறந்து அவரை வெளியேற்றி ஷாவை உட்கார வைத்தார்கள். ஷா வாக்களித்தார், தீர்மானம் நிறைவேறியது. ஆனால் மாநாடு வேண்டுமா என்று மக்களிடம் கேட்டாக வேண்டும். 1824 ஆகஸ்டில் வேண்டும் என்றவர்கள் 4,972 பேர், வேண்டாம் என்றவர்கள் 6,640 பேர்.

சரி, 'மக்கள்' என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வாக்குரிமை 21 வயதான வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. பல காலம் அதிகாரி முன்னால் நின்று உரக்கப் பெயர் சொல்லித்தான் வாக்களித்தார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு, கடன் கொடுத்தவருக்கு, எல்லோருக்கும் காதில் விழும். அந்தச் சட்டமன்றத்தில் ஒரு கறுப்பின உறுப்பினர் உட்கார 1877 வரை ஆனது. ஜான் தாமஸ் என்பவர் அவர்.

இனி 1836–37 கூட்டத்தொடர். லிங்கனின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் விடாமல் வந்து நிற்கும் இடம். சாங்கமன் கவுண்டியிலிருந்து ஏழு பிரதிநிதிகளும் இரண்டு செனட்டர்களும் வந்திருந்தார்கள். ஆறடி அளவுக்கு நெடிய ஆட்கள் என்பதால் 'நெடிய ஒன்பது பேர்' என்று பெயர் வந்தது. தலைநகரை வாண்டேலியாவிலிருந்து தங்கள் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்றுவது அவர்கள் குறி. அதே நாட்களில் ரயில் பாதை, ஆறு, சாலை என்று ஒரு கோடி டாலருக்கும் மேலான பிரம்மாண்டத் திட்டம் ஒன்று நிறைவேறியது. 'ரயில் பாதைக்கு வாக்குக் கொடுத்து, தலைநகரை வாங்கிவிட்டார்கள்' என்று பலர் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த வரியை அப்படியே நகலெடுக்காதீர்கள். பெயர்வாரியான வாக்குப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், அப்படி நேரான பேரம் நடந்ததா என்றே சந்தேகப்படுகிறார்கள். திட்டத்தை இரு கட்சியிலும் பலர் ஆதரித்தார்கள், அதே சபையில் உறுப்பினராக இருந்த டக்ளஸ் உட்பட. திட்டம் மாநிலத்தையே கடனில் மூழ்கடித்தது என்பது மட்டும் உறுதி. 1841-இல் வட்டி கட்டவே முடியாமல் போனது. அந்தப் பழியில் லிங்கனுக்கும் பங்கு உண்டு, அதை மறைத்து எழுதுவதும் தவறுதான்.

இதே கூட்டத்தொடரில்தான் அடிமைமுறை பற்றிய தீர்மானமும் வந்தது. அடிமை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டித்து, தென் மாநிலங்களின் 'சொத்துரிமை'யைப் போற்றிய தீர்மானம் அது. பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 77, எதிர்ப்பு 6. அந்த ஆறு பேரில் லிங்கன் ஒருவர். 1837 மார்ச் 3 அன்று அவரும் டான் ஸ்டோனும் ஒரு மறுப்புரையைச் சபைக் குறிப்பில் பதிவு செய்தார்கள். அடிமைமுறை அநீதியிலும் மோசமான கொள்கையிலும் எழுந்தது என்று அதில் இருக்கிறது. பலர் அந்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதே மறுப்புரையில், ஒழிப்புக் கொள்கைகளைப் பரப்புவது தீமையை இன்னும் கூட்டுகிறது என்றும், மாநிலங்களில் இருக்கும் அடிமைமுறையில் தலையிட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். தலைநகர் வாக்கெடுப்பு முடிந்த பிறகே அதைத் தாக்கல் செய்தார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. ஆனாலும் 28 வயது இளைஞர் ஒருவர், அடுத்த வருடம் மறுபடி அதே வாக்காளர்களிடம் போக வேண்டியவர், 77 பேர் போன பக்கம் போகாமல் எழுத்தில் கையெழுத்துப் போட்டார். முழு வாசகத்தையும் படித்த பிறகு எனக்கு அவர் மீது மதிப்பு கூடியதே தவிர குறையவில்லை.

மேற்கோள்களில் எச்சரிக்கை தேவை. சபைக் குறிப்புகளில் தீர்மானங்களும் வாக்குகளும் இருக்கும், பேச்சுகள் சொல்லுக்குச் சொல் இருக்காது. பேச்சுகள் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பத்திரிகைகள் வழியாக, அவை வெளிப்படையாகக் கட்சி சார்ந்தவை. 1840 டிசம்பரில், சபையில் போதிய உறுப்பினர்கள் இல்லாதபடி செய்து கூட்டம் முடிக்கப்படுவதைத் தடுக்க லிங்கன் ஜன்னல் வழியாக வெளியே குதித்த சம்பவம் உண்மை. அவர் ஏதோ மாளிகையின் மாடியிலிருந்து குதித்ததாகப் படம் போடுகிறார்கள். புதிய கட்டடம் முடியாததால் சபை அப்போது ஒரு தேவாலயத்தில் கூடியது. குதித்தும் பயனில்லை, அவர் வருகை ஏற்கெனவே எண்ணப்பட்டிருந்தது.

வாண்டேலியாவுக்குப் போகிறவர்கள் அங்கே இருக்கும் பழைய சட்டமன்றக் கட்டடத்தைக் காட்டி, லிங்கன் முதன்முதலில் உறுப்பினராக நுழைந்த இடம் என்று சொல்லிவிடுகிறார்கள். 1834-இல் அவர் நுழைந்த கட்டடம் வேறு. இப்போது நிற்பது 1836-இல் எழுந்தது. தலைநகர் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் அவசர அவசரமாகக் கட்டியது. அந்த டிசம்பரில் உறுப்பினர்கள் வந்தபோது சுவர்ப் பூச்சுகூடச் சரியாகக் காய்ந்திருக்கவில்லை. 1837 பிப்ரவரி 28 அன்று, அதே கட்டடத்தில்தான் நான்காவது சுற்று வாக்கெடுப்பில் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போனது.